தோளில் கனக்காத ஒரு கேமரா

நான் சர்வேயர். சுசீந்திரத்து வயல்களிலிருந்து முட்டத்துக் கரை வரைக்கும் யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்று அளந்து சொல்வது என் வேலை. போன மழைக்காலத்தில் குளத்தங்கரையில் பைக் சறுக்கி விழுந்ததில் இடது காரை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார் டாக்டர். எலும்பு கூடிய பிறகும் அந்தத் தோளில் கனமாக எதையும் தொங்கவிடக் கூடாது என்றார். நாளெல்லாம் வரப்பில் நடந்தே பழகிய எனக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அப்போதுதான் நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பன் பார்க்க வந்தான். பையிலிருந்து ஒரு நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். நான் பழகிய நெகட்டிவெல்லாம் தபால்தலை அளவுதான். இது சதுரமாக, உள்ளங்கையில் பாதியை அடைத்துக்கொண்டு இருந்தது. முட்டத்துப் பாறையில் காய்ந்த உப்பின் கோடுகள்கூடத் தெரிந்தன.

"மீடியம் ஃபார்மட் மக்கா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். ஆனா ஒவ்வொண்ணும் இவ்வளவு பெருசு."

இப்படிப் படம் எடுக்கிற கேமரா எனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது. விலை குறைவாக, கனமில்லாமல், தினமும் வேலைக்குக் கொண்டுபோகிற மாதிரி.

அன்றிலிருந்து போனும் கையுமாக இருந்தேன். காலையில் ஒன்றைத் தீர்மானித்தால் மத்தியானம் மனம் மாறும். பழைய கேமரா விற்கிற, முன்பின் தெரியாத யாருக்காவது "எடுத்துக்கிடுதேன்" என்று மெசேஜ் அனுப்புவேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் "வேண்டாம்" என்று இன்னொன்று அனுப்புவேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கும் என் மனைவி ஒருநாள் சொல்லிவிட்டாள்: "பொண்ணு பாக்க வந்தப்பம்கூட நீங்க இவ்வளவு யோசிக்கல்லியே!"

வேலைக்குத் திரும்பியதும் நண்பனிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். முதலில் தந்தது லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா. படம் அருமையாக விழும். ஆனால் மத்தியானத்துக்குள் முறிந்த தோள் விண்விண் என்று தெறித்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். அடுத்தது மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள பெட்டிக் கேமரா. குனிந்து மேல்பக்கக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் இடமும் வலமும் மாறித் தெரியும். வயலில் நடந்த கொக்கைத் துரத்தி எதிர்ப்பக்கம் திரும்பி, அதைத் தொலைத்தேன். அதுகூடப் பழகிவிடும். ஆனால் அளவுச் சாமான் பையில் அது அடங்கவில்லை. தோளில் போட்டால் ஒவ்வொரு வரப்பு தாண்டும்போதும் இடுப்பில் இடித்தது. இரண்டு முறை திருப்பிக் கொடுத்து, இரண்டு முறை மறுபடி வாங்கினேன்.

மூன்றாம் முறை திருப்பிக் கொடுக்கப் போனபோது நண்பன் எரிச்சலாகிவிட்டான். "உனக்குக் கேமரா வேண்டாம்லே. தேடிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

சுருக்கென்றது. என் முகத்தைப் பார்த்து அவனே இரங்கி, கன்னியாகுமரியில் சங்குக் கடை நடத்தும் ஒரு அக்காவிடம் கேமரா ஒன்று விலைக்கு இருக்கிறது, போய்ப் பார் என்றான்.

அந்த அக்கா கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்தது சோற்று டப்பாவைவிடத் தட்டையான ஒரு பொருள். பொத்தானை அமுக்கியதும் மூடி திறந்து, கறுப்புத் தோல் துருத்தியோடு லென்ஸ் முன்னால் வந்தது. மடக்கினால் பேண்ட் பாக்கெட்டில் போய்விடும்.

"இதுல ஒரு தொல்லை உண்டு தம்பி. தூரத்தக் கண்ணால மதிச்சு இந்த வளையத்தத் திருப்பணும். எனக்கு இப்பம் கண்ணு சரியில்ல, எல்லாம் மங்கலா விழுது. அதாக்கும் விக்கேன்."

சிரித்துவிட்டேன். "எனக்கு வேலையே அதுதான் அக்கா."

"அப்படியா? அந்த எதிர்க்கடைத் தூண் எவ்வளவு தூரம்?"

"பன்னிரண்டு அடி."

அவர் விடவில்லை. டேப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் தந்து, நடந்துபோகிற யாத்திரிகர்களை நிறுத்திவிட்டு அளந்தார். பன்னிரண்டுக்கு நாலு விரல்கடை குறைவு.

"சரி, ஒங்களுக்குக் குடுக்கலாம்" என்றவர், பின்மூடியைத் திறந்து போன் டார்ச்சைத் துருத்திக்குள் அடித்து, சேலைத் தலைப்பால் சுற்றிலும் நிழல் பிடித்தார். மடிப்பில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள். "ரெண்டு ஓட்ட இருக்கு. வெளிச்சம் புகுந்தா படம் கெட்டுரும். கறுப்புப் பெயிண்ட் வச்சா அடையும். சொல்லாம விக்கப்படாது பாத்தியளா."

ஓட்டையைப் பார்த்ததும் பழைய குணம் வந்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ் வந்தது. படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். கண்டக்டர் "ஏறுதியளா, இல்லியா?" என்று கத்தினார். காலை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். அக்கா கேமராவை ஒரு துணிப்பையில் போட்டு நீட்டினார்.

பெயிண்ட் வைத்து ஓட்டைகளை அடைத்தேன். முதல் ரோலை நண்பன் கழுவித் தந்தான். தூரத்தில் ஒன்றும் தவறவில்லை. ஆனால் அந்தக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு ஃபிலிமை நாமே சுற்ற வேண்டும். அவசரத்தில் இரண்டு தடவை மறந்ததில் படத்தின் மேல் படம் விழுந்திருந்தது. ஒரு படத்தில் சுசீந்திரம் பஸ் ஸ்டாப்பில் குடையோடு நிற்கும் மனைவி மேல் முட்டத்து அலை அடித்துக்கொண்டிருந்தது.

"என்னக் கடல்ல தள்ளிட்டியளே" என்றாள். படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. அவளுடைய கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

இப்போது அந்தக் கேமரா தினமும் என்னோடு வயலுக்கு வருகிறது. மத்தியானச் சோறு தின்னும்போது விற்பனைக்கு வந்திருக்கும் கேமராக்களை இன்னமும் போனில் பார்க்கத்தான் செய்கிறேன். யாருக்கும் மெசேஜ் அனுப்புவதில்லை. நேற்று ஒன்றைப் பார்த்தேன், எடை இன்னும் குறைவு. கொஞ்ச நேரம் விரல் அதன்மேலேயே நின்றது. பிறகு கையைக் கழுவிவிட்டு அடுத்த வரப்புக்கு நடந்தேன்.