ஜேகோ கிட்டோவின் இடது கை

ஜேகோ கிட்டோ இடது கைக்காரன். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில், நியூலின் மீன்துறையில் வலை இழுத்த காலத்தில் அதற்காகவே எல்லோரிடமும் ஏச்சு வாங்குவான். பக்கத்தில் நிற்பவனின் விலாவில் அவன் முழங்கை இடித்துக்கொண்டே இருக்கும். அரசரின் கப்பலில் சேர்ந்ததும் அதே கைக்கு மரியாதை வந்துவிட்டது. அது எந்த மாதிரி மரியாதை என்பதைக் கேட்டால் யாரும் பொறாமைப்பட மாட்டார்கள்.

கப்பலில் ஒருவனைக் கட்டிவைத்து அடிக்கும்போது பாதியில் ஆள் மாற்றுவது வழக்கம். வலது கைக்காரன் போட்ட கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுந்திருக்கும். அடுத்து வருகிறவன் இடது கைக்காரனாக இருந்தால் அவன் போடுகிற கோடு அவற்றைக் குறுக்கே வெட்டும். தோல் கட்டம் கட்டமாக உரிந்து வரும். இதற்காகவே இடது கைக்காரனைத் தேடிப் பிடிக்கிற கேப்டன்கள் உண்டு. அப்படித்தான் ஜேகோவைக் கப்பல் மேஸ்திரிக்கு உதவியாளாக்கினார்கள். கயிறு, பாய், ஆள் மூன்றையும் மேய்ப்பது மேஸ்திரியின் வேலை. மேஸ்திரி கை காட்டுகிறவனை அடிப்பது உதவியாளின் வேலை.

நான் அந்தக் கப்பலில் பாய் தைக்கிறவன். நானும் நியூலின்காரன்தான், ஜேகோ வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி என் வீடு. கப்பலின் பெயர் 'பொறுமை'. பெயர் வைத்தவர் எங்கள் கேப்டன் விண்டர்போர்னைப் பார்த்திருக்க மாட்டார். உலகத்தின் அடியில் தெற்கே ஒரு பெரிய கண்டம் இருக்கிறது, போய்க் கண்டுபிடித்து வாருங்கள் என்று லண்டனில் நாற்காலி தேய்க்கிற பெரிய மனிதர்கள் சொன்னார்கள். நாங்கள் போய்க் கண்டது பனிக்கட்டியும் பறவை எச்சமும்தான்.

அந்தப் பயணத்தில் பெட்ராக் டாங்கினும் வந்தான். ஜேகோவின் மனைவி லவ்டேயின் தம்பி. ஆறடி உயரம், அதே அளவுக்கு வாய். தாய் தகப்பன் போனபின் அவனை ஆளாக்கியவள் லவ்டேதான். சொந்தப் பிள்ளை பிறக்காத அவளுக்குத் தம்பியே பிள்ளை. கப்பலுக்கு விடவே மனமில்லை அவளுக்கு. புருஷன் கூடப் போகிறான் என்ற ஒரே தைரியத்தில் விட்டாள்.

புறப்படும் நாளில் மீன் செதில் ஒட்டிய கையாலேயே ஜேகோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போறது நீ. கூட்டிட்டு வர வேண்டியதும் நீதான். அவன் தலையில ஒரு முடி கொறஞ்சாலும் உன்னைத்தான் கேப்பேன்."

"எனக்கு இப்பவே முடி கொட்டுதுக்கா. பாவம் மச்சான், அவரை ஏன் மாட்டிவிடுறே?" என்றான் பெட்ராக்.

துறையே சிரித்தது. ஜேகோ மட்டும் சிரிக்கவில்லை. "கொண்டாந்து விடுறேன் லவ்டே" என்று சத்தியம் செய்கிறவன்போலச் சொன்னான்.

கேப்டன் விண்டர்போர்னுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. உப்பில் புளிக்க வைத்த முட்டைக்கோஸைத் தின்றால் ஸ்கர்வி வராது என்று எங்கேயோ கேட்டிருந்தார். ஸ்கர்வி என்றால் நீண்ட பயணத்தில் ஈறு அழுகிப் பல் உதிர்ந்து ஆள் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போகிற நோய். பீப்பாய் பீப்பாயாகக் கோஸ் ஏற்றினார். மருந்து நல்ல மருந்துதான், அதை நான் மறுக்கவில்லை. தின்றவன் ஒருவனுக்கும் பல் விழவில்லை.

ஆனால் மாலுமியின் தட்டில் புதிதாக ஒன்று விழுந்தால், பழையது ஒன்றைப் பிடுங்கப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். நாங்கள் கண்டது அப்படி. எங்கள் மாட்டுக்கறி பொத்தான் செதுக்குகிற அளவுக்கு இறுகிப் போனது, நாற்றமும் அடிக்கும். என்றாலும் அது எங்கள் உரிமை. கோஸ் வந்த அன்று பெட்ராக் தட்டைத் தூக்கிப் பிடித்தான்.

"இன்னிக்குக் கோஸ் போடுவான். நாளைக்கு 'அதான் கோஸ் தின்னியே'ன்னு கறியைப் பாதியாக்குவான். அவன் புத்தி தெரியாதா? புல்லைத் திங்கிறது மாட்டோட வேலை. மாட்டைத் திங்கிறதுதான் நம்ம வேலை."

சொன்னதோடு விட்டானா? தட்டை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போய், கேப்டன் பாலுக்காக வளர்த்த வெள்ளாட்டின் முன்னால் கொட்டினான். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பு கேப்டனின் அறை வரைக்கும் கேட்டது.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது சில பேருக்குப் பழமொழி, கேப்டனுக்கு அதுதான் வேதம். மறுநாள் காலை எல்லோரையும் மேல்தளத்தில் வரிசையாக நிறுத்தினார். பெட்ராக்கின் சட்டையைக் கழற்றி, மரச்சட்டத்தை நிமிர்த்தி வைத்து அதில் அவன் கைகளைக் கட்டினார்கள்.

"கிட்டோ, இவன் உனக்கு மச்சினனாமே?"

"ஆமாங்கய்யா."

"அப்ப பன்னிரண்டும் நீயே அடி. சொந்தக்காரன் கை பட்டாத்தான் புத்தி நிக்கும்."

ஒன்பது வால் சாட்டையை அடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் வால்களை விரலால் கோதிப் பிரித்துவிட்டால் ஒன்பதும் தனித்தனியே கடிக்கும். பிரிக்காமல் கொத்தாக விட்டால் சத்தம் பெரிது, காயம் சிறிது. ஜேகோ பிரிக்கவில்லை. கையை முழுக்க ஓங்கி, முதுகைத் தொடும் நேரத்தில் மணிக்கட்டைத் தளர்த்தினான். பெட்ராக்கும் புரிந்துகொண்டான். புரிந்துகொண்ட மடையன் அதை அளவோடு செய்தானா? "ஐயோ, செத்தேன்! ஐயோ, என் முதுகெலும்பு!" என்று கூத்தில் ராஜா சாகிற மாதிரி கத்தினான்.

ஏழாவது அடிக்குப் பிறகு கேப்டன் கையை உயர்த்தினார். கட்டப்பட்டு நின்றவனின் அருகே போய் முதுகில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"மச்சினன் நல்லா நடிக்கிறான். நீ அதைவிட நல்லா நடிக்கிற. இது வரைக்கும் விழுந்தது எதுவும் சேராது. ஒண்ணுலேருந்து ஆரம்பி. எனக்குப் பிடிக்காத மாதிரி ஓர் அடி விழுந்தாலும் மறுபடியும் ஒண்ணுதான். சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேற வேலை இல்லை."

ஜேகோ இந்த முறை வால்களைக் கோதிப் பிரித்தான்.

"பல்லைக் கடிச்சுக்கோ மாப்ளே."

"மச்சான், வேணாம் மச்சான்..."

ஜேகோ அடித்தான். இன்னொரு முறை முதலில் இருந்து எண்ண வைக்கக் கூடாது என்பதற்காகவே ஒவ்வோர் அடியையும் முழு வேகத்தில் அடித்தான். மூன்றாவதில் பெட்ராக்குக்குக் குரல் போய்விட்டது. வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பார்க்காமல் நிற்பதும் குற்றம் என்று அதிகாரி ஒருவன் கத்தினான், எல்லோரும் தலையைத் தூக்கினோம். அந்த நிமிஷம் கேப்டனைத் தூக்கிக் கடலில் போட்டிருந்தால் என்ன என்று இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

முடிந்ததும் கேப்டன் ஜேகோவுக்கு ஒரு குவளை ரம் கொடுக்கச் சொன்னார். "இப்பத்தான் உன் கை வேலை செஞ்சுது" என்றார். ஜேகோ அதை வாங்கிக் குடித்தான். குடிக்காமல் இருந்தால் அதற்கும் கட்டிவைப்பார்கள்.

இளம் உடம்பு, முதுகு சீக்கிரம் ஆறியது. மனசுதான் ஆறவில்லை. அதிகாரியின் கண்ணெதிரே பெட்ராக் ஒழுங்காகக் கோஸை வாயில் போட்டுக்கொள்வான். அப்புறம் காற்று வாங்குகிறவன்போல ஓரமாகப் போய்க் கடலில் துப்பிவிடுவான். ஜேகோ பார்த்துவிட்டான். சொன்னால் இரண்டு மடங்கு அடி, அதையும் இவனே அடிக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஸ்கர்வி. இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தவன், கடைசியில் அவனிடமே போய்க் கெஞ்சினான்.

"மாப்ளே, என் மேல இருக்கிற கோவத்தைச் சோத்துல காட்டாதே. துப்பாம முழுங்கிடுடா."

"பிள்ளையைக் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறியா மச்சான்? நல்லா இருக்கே உன் நியாயம்."

"உன் அக்காவுக்காகத் தின்னுடா."

"அக்கா பேரைச் சொல்லாதே. உன் வாயால சொல்லாதே."

பனிக்கடலுக்குள் போனோம். கயிறெல்லாம் உறைந்து, பிடித்தவன் உள்ளங்கைத் தோலைப் பிய்த்துக்கொண்டது. மற்றவர்கள் எல்லாம் கோஸைத் தின்று நடமாடிக்கொண்டிருந்தபோது பெட்ராக் மட்டும் படியேற முடியாமல் உட்கார்ந்தான். ஈறு கறுத்து வீங்கிப் பல்லை மூடியது. பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆறிப்போன முதுகுத் தழும்புகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

"இந்த நோய் அப்படித்தான். என்னிக்கோ ஆறின புண்ணைக்கூடப் பிரிச்சுவிட்டுடும்" என்றார் மருத்துவர்.

ஜேகோ மெதுவாக அடித்த ஏழு அடிக்கு அந்த முதுகில் அடையாளமே இல்லை. வலிக்க அடித்த பன்னிரண்டும் அன்றைக்குத்தான் விழுந்த மாதிரி வாய் பிளந்து கிடந்தன. தன் கையெழுத்தைத் தானே படிக்கிறவன்போல ஜேகோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன்பின் பெட்ராக்குக்கு வீம்பு போய்விட்டது. தின்கிறேன் என்றான். ஆனால் புளிப்பு பட்டதும் வாய் நெருப்பாக எரிந்து அலறினான். ஜேகோ கோஸைத் தன் வாயில் மென்று கூழாக்கி, விரலால் வழித்து ஊட்டினான். பாதி உள்ளே போகும், பாதி ரத்தத்தோடு வெளியே வரும். கடைசி நாள் அதுவும் உள்ளே போகவில்லை.

"அக்காகிட்ட காய்ச்சல்னு சொல்லிடு மச்சான்" என்றான். "நிஜத்தைச் சொன்னா அவ உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. நீ வேற எங்கே போவே?"

சொல்லிவிட்டு மத்தியானத்துக்குள் போய்விட்டான்.

கேப்டன் வந்து பார்த்தார். மருத்துவரிடம், "இவன் முதுகுப் புண்ணு சீழ் பிடிச்சுச் செத்தான். கோஸ் ஏத்தின கப்பல்ல ஸ்கர்வி கிடையாது, புரியுதா?" என்றார். தன் மருந்துக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதாம். அதற்காகக் கொலைப்பழியைத் தூக்கி ஜேகோவின் கையில் வைத்தார். ஜேகோ பக்கத்தில்தான் நின்றான்.

பிணத்தை அவன் படுத்த தூளிக்குள்ளேயே வைத்துத் தைக்கிற வேலை என்னுடையது. கடைசித் தையலை மூக்கில் குத்தி இழுப்பது வழக்கம். உயிர் மிச்சம் இருந்தால் ஆள் துடிப்பான், செத்தவனாக இருந்தால் மூக்கைத் தைத்த பிணம் கப்பலைத் தொடர்ந்து வராது என்று நம்பிக்கை. ஊசி மூக்குக்கு வந்தபோது ஜேகோ என் கையைப் பிடித்தான்.

"வேணாம் தையக்காரரே. இன்னொரு தடவை அவனை நோகடிக்காதீங்க."

சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பிணம் பின்னால் வந்தால் எல்லோருக்கும் கேடு என்றார்கள். நான் குத்தினேன். வழக்கத்தை ஒருவனுக்காக விட முடியாது.

ஊருக்குத் திரும்பினோம். ஜேகோ காய்ச்சல் என்றே சொன்னான். லவ்டே மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள், தம்பியைத் தைத்து அனுப்பியவன் என்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மத்தி மீனை மாவில் பொதிந்து சுட்டிருந்தாள். பெரிய துண்டை ஜேகோவின் தட்டில் வைத்தாள்.

"தின்னுய்யா. இளைச்சுப் போயிட்டே. என் தம்பிக்குக் கடைசி வரைக்கும் நீதானே ஊட்டினே. பெத்தவ இருந்திருந்தாக்கூட இவ்வளவு செஞ்சிருக்க மாட்டா. இந்தப் புண்ணியத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

ஏச்சைத் தாங்கியிருப்பான். இதை அவனால் தாங்க முடியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் சொன்னான், ஆட்டிலிருந்து தையல் வரைக்கும். லவ்டே அவன் முடித்ததும் கேட்டாள்.

"மெதுவா அடிக்க உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். முதல்ல மெதுவாத்தான் அடிச்சேன்."

"அப்புறம் சாட்டையைக் கீழ போட்டிருந்தா?"

"என்னையும் கட்டி அடிச்சிருப்பாங்க. அப்புறம் வேற ஒருத்தன் அவனை அடிச்சிருப்பான். அவனுக்கு ஓர் அடிகூடக் கொறஞ்சிருக்காது லவ்டே."

"தெரியும்" என்றாள். "கொறஞ்சிருக்காது. ரெண்டு பேரும் செத்துக்கூடப் போயிருப்பீங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுதிருப்பேன். இப்ப ஒருத்தனுக்குத்தான் அழ முடியுது."

அதற்குமேல் அவள் திட்டவும் இல்லை, வெளியே போ என்று சொல்லவும் இல்லை. வேளா வேளைக்குச் சோறு வைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. பனிக்காலம் முடிந்ததும் ஜேகோ ப்ளிமத் துறைமுகத்துக்கு நடந்தே போய் வேறொரு கப்பலில் சேர்ந்தான். அடுத்த புயல்காலத்தில் பாய்மரத்திலிருந்து தவறி விழுந்து செத்தான் என்று தகவல் வந்தது. அதை அவளிடம் சொல்லப் போனது நான்தான்.

லவ்டே துறையில் மற்றப் பெண்களோடு மத்தியை உப்பிட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். "சரி" என்றாள். கையில் இருந்த மீனை வரிசையில் வைத்து, அதன்மேல் உப்பைத் தூவி, அடுத்த மீனை எடுத்தாள்.