பின்பக்கம் இல்லாத கோவில்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், விழுப்புரத்தில் ரயிலேறி நானும் அப்பாவும் தில்லிக்குப் போனோம். எனக்கு மத்திய அரசு வேலை கிடைத்து, அங்கே பயிற்சி. அப்பா மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கவும் நெல் அறுக்கவும் கூலிக்குப் போகிறவர். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டினாலே வெளிநாடு போய் வந்ததுபோல் பேசுவார். அவர்தான் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று துணைக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்குப் பங்குனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மயிலம் முருகன் கோவிலில் தாலி கட்டுவதாக மாப்பிள்ளை வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். ரயிலில் அப்பா மெல்ல ஆரம்பித்தார்.

"தாலி கட்றப்ப ஒங்க மாமா பக்கத்துல நிக்கட்டும்மா. நான் மலைக்குக் கீழயே இருந்துக்கறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மயிலத்தில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் அப்பா சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோவிலின் பின்பக்கச் சுவரோரம் நின்றே கும்பிட்டுப் பழகியவர். காலனிக்காரர்களுக்கு அப்போது அதுதான் இடம். நாங்களெல்லாம் இன்று உள்ளே போய் வருகிறோம். அவருக்கு மட்டும் கோவில் வாசலைக் கண்டால் கால் நின்றுவிடும்.

"யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டா ஒன் கல்யாணம் பேஜாராயிடும்" என்றார்.

சண்டை போட்டேன், கெஞ்சினேன். மனுஷன் மசியவில்லை. பெற்ற அப்பா பக்கத்தில் இல்லாமல் அது என்ன கல்யாணம்? ஆக்ரா வரை முகம் கொடுத்துப் பேசாமல் வந்தேன்.

பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தாமரைக் கோவிலைப் பார்க்கப் போனோம். பஹாய் சமயத்தாரின் வழிபாட்டுத் தலம் அது. வெள்ளைப் பளிங்கு இதழ்கள் விரிந்து, சுற்றிலும் தண்ணீர்க் குளங்களோடு, பனிமூட்டத்தில் மிதப்பதுபோல் இருந்தது. செருப்பை விட்டுவிட்டு வரிசையில் நின்றோம். சிறிது நேரத்தில் திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம்.

பாஷை தெரியாத ஊர். வரிசையை விட்டு ஓடினேன். கட்டடத்தின் மறுபுறம், துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு குழம்பிப்போய் நின்றிருந்தார்.

"எங்கப்பா போனீங்க?"

"பின்னாண்ட நின்னு கும்புட்டுக்கலாம்னு வந்தேம்மா. சுத்திக்கினே இருக்கேன், எந்தப் பக்கம் போனாலும் முன்பக்கமாவே இருக்குது. இதுக்குப் பின்பக்கமே இல்லியா?"

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. அந்தக் கோவிலைப் பற்றி முன்பே படித்ததை அவருக்குச் சொன்னேன். ஒன்பது பக்கம், ஒன்பது வாசல், எல்லாம் ஒரே மாதிரி. உலகத்தில் எங்கே கட்டினாலும் இவர்கள் கோவிலுக்கு ஒன்பது பக்கம்தான். இலக்கங்களில் பெரியது ஒன்பது, அதற்குள் எல்லாமே அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. எந்த மதத்துக்காரர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அவருக்கு எதிரே ஒரு வாசல் இருக்க வேண்டுமாம்.

"அப்ப வேணும்னே பின்பக்கம் வெக்காம கட்டியிருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதழ்களை மேலும் கீழும் பார்த்தார். "சரி, வா" என்று அவரே முன்னால் நடந்தார்.

உள்ளே அவர் கண்கள் சாமியைத் தேடின. சிலை இல்லை, மணி இல்லை, பூசாரி இல்லை, பிரசங்கம் செய்ய ஒரு மேடைகூட இல்லை. வரிசையாகப் பெஞ்சுகள், உச்சியிலிருந்து இறங்கும் வெளிச்சம், அத்தனை கூட்டத்திலும் பேச்சுச் சத்தமே இல்லாத அமைதி. பழக்கதோஷத்தில் அப்பா வாசல் ஓரமாகத் தரையில் உட்காரப் போனார். அங்கே சேவை செய்துகொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி, வாயைத் திறக்காமல், நடுவில் இருந்த பெஞ்சைக் கைகாட்டினாள். அதில் உட்கார்ந்திருந்த ஒரு சர்தார்ஜி நகர்ந்து இடம் விட்டார். அப்பா தயங்கித் தயங்கிப் போய் உட்கார்ந்து, துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கைகூப்பினார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன்: "அங்க சாமியே இல்லியேப்பா, யாரக் கும்பிட்டீங்க?"

"தெர்லம்மா. ஆனா நல்லா கும்புட்டேன். யாரும் என்னெ எழுப்பல."

கல்யாணத்தைப் பற்றி அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. எனக்கும் கேட்கப் பயம். பங்குனி முகூர்த்தத்தன்று மயிலத்தில் மணவறையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வந்தார், சித்தப்பா வந்தார். கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால், புது வேட்டியில் வியர்த்து வழிய அப்பா வந்து சேர்ந்தார். ஓரமாக நிற்காமல் நேராக என் பக்கத்தில் வந்து நின்று, "மல ஏறி வரச்சொல்ல மூச்சு வாங்கிச்சி, அதான் லேட்டு" என்றார்.

தாமரைக் கோவிலை வரைந்தவருக்கு எங்கள் அப்பாவைத் தெரியாது. ஆனால் ஒருவர்கூட ஒதுங்கி நிற்க இடம் வைக்காமல் அவர் வரைந்ததால்தான், என் கல்யாணப் போட்டோவில் அப்பா என் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார் என்று இன்றும் நம்புகிறேன்.