பட்டாணிப் படத்துக்கு ஜட்ஜம்மா சொன்ன தீர்ப்பு

அந்த மனிதர் தினமும் மத்தியானக் காட்சிக்கு வருவார். கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் ஆபீஸ் அட்டை. விளக்கு அணைந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிப்போவார். வேலை போன சங்கதியை வீட்டில் சொல்லவில்லை என்பது அந்தத் தூக்கத்தைப் பார்த்தாலே தெரியும். படம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். தியேட்டரைக் கூட்டுகிற அம்மா மற்ற வரிசைகளை எல்லாம் கூட்டிவிட்டு, அவர் இருக்கிற வரிசையை மட்டும் விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் தாண்டிப் போவார். மேனேஜர் எட்டிப் பார்த்து, "அந்த வரிசை?" என்று கேட்டால், "அதைத்தான் சார் முதல்ல கூட்டினேன்" என்பார்.

இரண்டு மாதம் இப்படி நடந்தது. வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறவருக்கு மட்டும் இது தெரியும். அவரை எல்லாரும் வாசல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அந்த மனிதர் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

"வேலை கிடைச்சிருக்கும். ஆண்டவன் கண்ணைத் திறந்திருப்பான்" என்றார் வாசல்காரர்.

"போங்கண்ணே. நம்ம தியேட்டர் படங்களைப் பாத்துட்டு, இதுக்கு வீட்ல உண்மையைச் சொல்லி உதை வாங்கிக்கலாம்னு போயிருப்பாரு."

அதுதான் அந்த அம்மாவின் வாய். கை செய்கிற புண்ணியத்தை வாய் ஒத்துக்கொள்ளாது. தியேட்டரில் அவருக்கு வைத்த பேர் ஜட்ஜம்மா.

பேர் சும்மா வரவில்லை. பதினாலு வருடமாக அங்கே ஓடிய அத்தனை படத்தையும் அவர் பார்த்திருக்கிறார், கடைசிப் பத்து நிமிடம் மட்டும். படம் முடியப்போகிற நேரத்துக்குப் பக்கக் கதவோரம் வாளியும் விளக்குமாறுமாக வந்து நிற்க வேண்டும். கூட்டம் எழுந்தால் இவர் நுழைய வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பிரித்து மேய்ந்துவிடுவார்.

போன மாதம் ஒரு பேய்ப் படம் வந்தது. கடைசியில் பேய் அழுதுகொண்டே தன் கதையைச் சொன்னது. "இவ்வளவு விவரமா பேசத் தெரிஞ்ச பொண்ணு உயிரோட இருக்கும்போதே ஒரு வக்கீலைப் பாத்திருக்கலாமே? செத்து வந்துதான் சொல்லணுமா?" என்றார் ஜட்ஜம்மா. அதற்கடுத்து ஒரு சண்டைப் படம். கதாநாயகன் நாற்பது பேரை அடித்துப் போட்டுவிட்டு நடந்து வந்தான். "சட்டையில ஒரு மடிப்புக் கலையல பாருங்க. கைதட்டறதா இருந்தா இஸ்திரி போட்டவனுக்குத் தட்டுங்க." காதல் படத்தில் பையன் விமான நிலையத்துக்குள் தலைதெறிக்க ஓடினான். "டிக்கெட் இல்லாம உள்ள விட்டுட்டாங்க! நம்ம அண்ணன் அந்த வாசல்ல நின்னிருந்தா படம் சோகமாத்தான் முடிஞ்சிருக்கும்." குடும்பப் படத்தில் பிரிந்த அண்ணன் தம்பிகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். "ரெண்டரை மணி நேரம் சண்டை, அஞ்சு நிமிஷத்துல சமாதானம். எங்க வீட்ல அஞ்சு நிமிஷம்தான் சண்டை, ஆறு வருஷமா பேச்சில்ல."

பக்திப் படத்தையும் விட்டுவைக்கவில்லை. "சாமி கடைசிப் பத்து நிமிஷத்துலதான் வருது. எங்க பழைய மேஸ்திரியும் இப்படித்தான், வேலை எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து நிப்பாரு" என்றதும் வாசல்காரர் மேலே பார்த்து, "தெரியாம பேசுது, மன்னிச்சுடு" என்று அவருக்காக ஒரு வேண்டுதல் போட்டுவிட்டார். ஜட்ஜம்மாவுக்காக அவர் கேட்ட மன்னிப்பை எல்லாம் அடுக்கினால் கூரையைத் தொடும்.

வாசல்காரர் படமே பார்க்க மாட்டார். படம் பார்ப்பது பாவம் என்பதற்காக இல்லை. பார்க்க ஆரம்பித்தால் டிக்கெட் கிழிக்க மறந்துபோகும் என்ற பயம். வாசல் திரைச்சீலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சத்தத்தை மட்டும் கேட்பார்.

கதவோரம் நின்று சொல்வதெல்லாம் ஜட்ஜம்மாவின் சொந்த அபிப்பிராயம். தீர்ப்பு என்பது வேறே. அதைத் தரைதான் சொல்லும்.

"டப்பாவுல பாதி பாப்கார்ன் அப்படியே கிடந்தா படம் நல்ல படம். வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில நின்னுடுச்சுன்னு அர்த்தம். டப்பா சுத்தமா காலியா இருந்தா, பாவம், அவனுக்கு வேற என்ன வேலை? டப்பாவையே கிழிச்சிருந்தா இன்னும் மோசம். டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைஞ்சிருந்தா, அந்தப் படத்தை ஆண்டவனாலயும் காப்பாத்த முடியாது."

மேனேஜர் முதலில் சிரித்தார். பிறகு நாலைந்து படத்துக்கு அது அச்சாகப் பலித்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமை வந்த படத்தை அடுத்த வாரமும் ஓட்டுவதா தூக்குவதா என்று திங்கட்கிழமை சாயங்காலம் முடிவெடுக்க வேண்டும். அப்போது நேராக விளக்குமாற்றிடம்தான் வருவார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சின்னப் படம் வந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட அதில் கிடையாது. வேறு எந்தத் தியேட்டரும் எடுக்கவில்லை. இங்கே தூக்கினால் படம் பெட்டிக்குள் போனதுதான், வெளியே வராது. படம் எடுத்த டைரக்டர் நெட்டையான ஆள், சவரம் செய்யாத முகம். ஒவ்வொரு காட்சிக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, திரையை விட்டுவிட்டு ஜனங்களின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே வந்து வாசல்காரரிடம் கேட்பார்.

"அண்ணே, பாதியில யாராவது எழுந்து போனாங்களா?"

"பாத்ரூமுக்குத்தான் சார் போனாங்க."

"ரெண்டு பேர் திரும்பி வரலையே?"

"வயிறு சரியில்லையோ என்னமோ சார்."

படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு வயதான புருஷனும் பெண்சாதியும் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்தார்கள். பேச்சே இல்லை, பின்னால் மெல்லிசாக ஒரு பாட்டு மட்டும். உரித்து முடித்ததும் படம் முடிந்தது. "சமைச்சாவது காட்டியிருக்கலாம்" என்றார் ஜட்ஜம்மா. ஆனால் வாசல்காரருக்கு அந்த உரிக்கிற சத்தம் என்னவோ செய்தது. வீட்டில் பெண்சாதி போன பிறகு அவர் காதில் விழாத சத்தம் அது. நாலு நாளும் திரைச்சீலைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார்.

அதே நாட்களில் ஜட்ஜம்மாவுக்கு முட்டி வலி. மேல் வரிசைப் படிகளில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏறினார். "வலிக்குதாம்மா?" என்றால், "இல்லண்ணே, படியை எண்ணிப் பாக்கறேன்" என்பார். உதவி என்று வாயெடுத்தால் விளக்குமாறு நம் பக்கம் திரும்பும்.

வாசல்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். காட்சி விட்டதும் ஜட்ஜம்மா கீழ் வரிசைகளைக் கூட்டிவிட்டு, மேலே ஏறுவதற்கு முன்னால் கழிவறைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வருவார். அந்தக் கால்மணி நேரத்தில் இவர் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார். குனிந்து அள்ள வேண்டிய கனமான டப்பாக்களை, பாப்கார்ன் சிந்திக் கிடக்கிறவற்றை எல்லாம் வாரிப் போட்டார். சந்தேகம் வரக்கூடாதே என்று வரிசைக்கு நாலு காலி டப்பாவை மட்டும் விட்டுவைத்தார். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், நாலு நாளும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் செய்துவிட்ட நிறைவில் ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மேனேஜர் வந்தார்.

"என்ன ஜட்ஜம்மா, பட்டாணி தேறுமா?"

"தேறாது சார். கீழ் வரிசையில ஏதோ கொஞ்சம் மிச்சம் கிடக்குது. மேல பாத்தா அத்தனை டப்பாவும் தொடைச்சு வெச்ச மாதிரி காலி. ஒரு பொரி மிச்சமில்ல. பதினாலு வருஷத்துல இப்படிப் பசியோட ஜனங்க படம் பாத்து நான் பாத்ததில்ல."

"அப்போ வியாழக்கிழமையோட தூக்கிடறேன்."

படம் எடுத்தவர் பக்கத்திலேயே தூணோரம் நின்றார். "சரி சார்" என்று மட்டும் சொன்னார். சுவரில் இருந்த தன் படத்துப் போஸ்டரின் பிய்ந்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டினார். அது ஒட்டவில்லை.

வாசல்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. காலி டப்பா! கடவுளே, முழு டப்பாவை எல்லாம் சாக்கில் கட்டிப் போட்டது இந்தக் கையல்லவா? கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டினார். யாராவது வந்து நடந்ததைச் சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது. தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"தங்கச்சி" என்று ஆரம்பித்தார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "மேல் வரிசையை நான்தான் கூட்டினேன். நிறைஞ்ச டப்பாவை எல்லாம் நான் எடுத்துட்டேன்."

ஜட்ஜம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?"

"நாலு நாளா."

"கோர்ட்டுல சாட்சியைக் கலைச்சா உள்ள போடுவாங்க, தெரியுமாண்ணே? உங்களை யாரு கூட்டச் சொன்னது?"

"முட்டி வலிக்குதேன்னு..."

"முட்டி என்னுது! வலி என்னுது! உங்களுக்கு என்ன வந்துச்சு?" முகம் சிவந்து போயிற்று. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், நான் சொன்னது தப்பு. நாளைக்கு மத்தியானக் காட்சி வரைக்கும் பொறுங்க. இந்தத் தடவை நான் உக்காந்து முழுசா பாக்கறேன்."

"முழுசாவா?" மேனேஜருக்கே ஆச்சரியம்.

"ஒரு மனுஷனோட படம் சார். பத்து நிமிஷத்தைப் பாத்துட்டு இன்னொரு தடவை தப்பு பண்ண மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜட்ஜம்மா தலை வாரி, நல்ல புடவை கட்டி வந்தார். வாசல்காரர் பழக்க தோஷத்தில் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். "கையை மடக்குங்க. உள்ள ஒரு டப்பாவைத் தொட்டீங்க, அப்புறம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தார். சும்மா உட்காரவில்லை. இருட்டிலிருந்து அவர் குரல் வாசல் வரைக்கும் வந்தது. "இவன் எதுக்கு மழையில நிக்கறான்? குடைதான் கையில இருக்குதே!" யாரோ "உஸ்" என்றார்கள். அப்புறம் சத்தம் இல்லை. இடைவேளைக்குப் பிறகு சுத்தமாக இல்லை. வாசல்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது. தூங்கிவிட்டாரோ?

விளக்கு எரிந்தது. கூட்டம் போனது. ஜட்ஜம்மா எழுந்து, புடவையைச் செருகிக்கொண்டு, கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசை வரைக்கும் ஒவ்வொரு நாற்காலிக்கடியிலும் குனிந்து பார்த்தார். நல்ல நேரம் பிடித்தது. மேனேஜரும் வாசல்காரரும் படம் எடுத்தவரும் கீழே நின்றார்கள், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற சொந்தக்காரர்களைப் போல.

இறங்கி வந்தார்.

"படம் எனக்குப் பிடிக்கல" என்றார்.

எடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா ஓட்டுங்க சார். ஜனங்களுக்குப் பிடிச்சிருக்குது. இருபத்திமூணு டப்பா, அத்தனையிலயும் பாதிக்கு மேல மிச்சம். காது குடைஞ்ச டிக்கெட் ஒண்ணே ஒண்ணு, அதுவும் யாருக்கோ நிஜமாவே காது வலி போல."

மேனேஜர் சிரித்துவிட்டார். எடுத்தவர் மட்டும் விடவில்லை. "உங்களுக்கு ஏன்மா பிடிக்கல?"

"பின்ன என்ன தம்பி? அந்தம்மா ரெண்டு மணி நேரமா தனியாவே எல்லா வேலையும் செய்யுது. அந்தாளு கடைசிப் பத்து நிமிஷத்துலதான் வந்து பட்டாணிக்குக் கை குடுக்கறாரு. அதுக்குப் பின்னாடி பாட்டு வேற. இத்தனை நாளா நான் அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் பாத்து, எவ்வளவு நல்ல மனுஷன்னு நெனச்சுட்டேன்!"

எடுத்தவர் வாய்விட்டுச் சிரித்தார். ஐந்து நாளில் அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். படம் ஊரைப் புரட்டிவிடவில்லை. மூன்று வாரம் ஓடியது. வேறு இரண்டு தியேட்டர்கள் கேட்டு வாங்கின. அது போதும், கடவுள் கொடுத்தது.

அதற்குப் பிறகு ஜட்ஜம்மா முதலில் மேலே ஏறித் தரையைப் பார்த்து முடிப்பார். "ஆச்சு, வாங்க" என்று கூப்பிட்ட பிறகு வாசல்காரர் சாக்கோடு ஏறுவார். ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. முட்டி அதற்கு மேல் தாங்கவில்லை. வெளியூரில் இருக்கிற மகள் வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

கடைசி நாள் மத்தியானக் காட்சி விட்டதும் வாசலில் ஆட்டோ நின்றது. மகள் பையை ஏற்றினாள். வாசல்காரர் ஆட்டோவுக்குக் கிட்டே வந்து நின்றார். "ஆண்டவன் உன்னை நல்லா வெச்சிருக்கணும் தங்கச்சி. உனக்காக தினமும் வேண்டிக்கறேன்" என்றார்.

ஜட்ஜம்மா ஒரு காலை உள்ளே வைத்து, வலியில் முகத்தைச் சுளித்து, உட்கார்ந்து, பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"வேண்டிக்கங்க. ஆனா இனிமே யாருக்காவது நல்லது பண்ணணும்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணுங்கண்ணே. கடவுள் வேணா சொல்லாம பண்ணுவாரு. உங்களுக்கு அந்த அளவுக்கு அனுபவம் பத்தாது."