ஊதும் கருவிக்குத் தெரியாத புகை

என் மகன் குன்னத்துகாலுக்கும் பாறசாலைக்கும் இடையே ஸ்கூல் வேன் ஓட்டினான். மதியம் சோறு தின்றுவிட்டு, பிள்ளைகளை அழைக்கப் போகுமுன் கஞ்சா புகைப்பான். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் வீடு எங்களுடையது. எல்லோர் சட்டையிலும் எப்போதும் புகைமணம் உண்டு. அதனால் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குப் பின்னால் அவன் கஞ்சா பிடிப்பதை நேரில் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"குடிச்சவன் பறப்பான். நான் பைய போவேன், அதாக்கும் வித்தியாசம். அன்னைக்கு போலீசு ஊதவச்சும் ஒண்ணும் காட்டலியே. பேடிக்காதே அம்மா."

வேனில் வரும் பிள்ளைகளின் தாய்மார்களும் போலீஸின் அந்த ஊதும் சோதனையைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். அவன் சொன்னதில் பாதி உண்மை. புகைத்தவர்கள் பலர் மெதுவாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் வண்டி நேராகப் போவதில்லை. எதிர்பாராமல் ஏதாவது குறுக்கே வந்தால் பிரேக்குக்குக் கால் தாமதமாகப் போகிறது. தெளிந்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றிய பிறகும் அது நீடிக்கலாம். ஊதும் கருவி மதுவை மட்டுமே காட்டும். சிறுநீர்ச் சோதனை கஞ்சாவைப் பல நாள் கழித்தும் காட்டும். இரத்தத்தில் உள்ள அளவை வைத்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இந்த நேரத்தில் இவன் ஓட்டலாமா? எனக்கு வேண்டிய அந்த ஒரு பதில் எதிலும் இல்லை.

கெஞ்சினேன், அழுதேன். கேட்கவில்லை. ஒரு நாள் மதியம் வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது ரப்பர் தோட்டத்து வழியிலிருந்து, ஷீட்டுக் கட்டோடு ஒரு ஸ்கூட்டர் ரோட்டில் ஏறியது. நான் அலறிய பிறகுதான் பிரேக் விழுந்தது. ஸ்கூட்டர்க்காரர் கட்டோடு ஓரத்தில் சாய்ந்தார், அடி இல்லை.

"எலே, உறங்கியாலே ஓட்டுக?" என்று அவர் கத்த, பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"நான் கண்டில்லேம்மா."

"நீ கண்டே மக்கா. கால்தான் வரல."

அங்கேயே நின்று தாய்மார்களுக்குப் போன் செய்தேன்.

"எனக்க ஜோலி போவும்மா. வச்சிரு போன."

"போவட்டு."

"அவன் குடிக்க மாட்டானே, அக்கா?" என்றாள் ஒருத்தி.

"குடிக்கல்ல. கஞ்சா."

அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவனை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வேன் சாவியை முதலாளி அன்றே வாங்கிக்கொண்டார். தன் பைக் சாவியை மட்டும் அவன் என்னிடம் தரமாட்டேன் என்கிறான். இப்போதும் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். எந்த நிலையில் போனான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.