பதுவையில் இல்லாத மடம்

என் மனைவி ரீற்றா பதுவை அந்தோனியாருக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். சென்ற ஆனி மாதம், மூன்று வயது மகளுடன், நாங்கள் வசிக்கும் டெனிஷ் நகரமான கோல்டிங்கிலிருந்து ரயிலில் இத்தாலிக்குப் புறப்பட்டாள். எனக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை.

பதுவை நகரத்தைப் பற்றிய கையேடு ஒன்று என்னிடம் இருந்தது. ரோமர் காலம், பழம்பெரும் பல்கலைக்கழகம், அந்தோனியாரின் கல்லறை என்று எல்லாவற்றையும் விவரித்து, யாத்திரிகர் தங்குவதற்கான கன்னியர் மடத்தின் முகவரியையும் தந்திருந்தது. அதை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் பின்னேரம் ரீற்றா தொலைபேசியில் அழுதாள்.

“இஞ்சருங்கோ, நீங்கள் சொன்ன மடம் இப்ப பள்ளிக்கூடமாம். திருநாள் எண்டு ஹோட்டல் எல்லாம் நிரம்பிட்டுது. பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது…”

இணைப்பு அறுந்துபோனது. அவள் பேசியது பொதுத் தொலைபேசியில்; திரும்ப அழைக்க என்னிடம் எண் இல்லை. கையேட்டிலிருந்த விடுதிகளுக்கெல்லாம் அழைத்தேன். நான் பேசிய டெனிஷ் அங்கே யாருக்கும் விளங்கவில்லை. பெற்ற பிள்ளையை நானே தெருவில் விட்டுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்து மணி அடித்தது.

“பயப்படாதேங்கோ. கோயில் வாசல்ல பூ விக்கிற மனுசி எங்களைத் தன்ர வீட்ட கூட்டிவந்திட்டா. டொக்டரும் வந்து பார்த்தவர். பிள்ளை நித்திரை கொள்ளுறாள்.”

அதன் பிறகுதான் கையேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். அது அச்சாகி இருபத்தைந்து வருடமாகியிருந்தது. பழைய வரலாறெல்லாம் அதில் சரியாகத்தான் இருந்தது; தங்குமிடம்தான் இல்லை.

இப்போது வீட்டில் யார் பயணம் போவதென்றாலும், தங்கும் இடத்துக்கு முதலில் கடிதம் எழுதுகிறேன். பதில் கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்க விடுவதில்லை.