சிங்கத்துக்குப் பக்கத்தில் என் மச்சான்

போன மழைக்காலம் முழுக்க என் மச்சானை நினைத்து நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. அத்தை மகன். என்னைவிட இரண்டு மாதம் சின்னவன், காது மட்டும் பெரியது. ரங்கூனில், தாமுவேயில் ஒரே பட்டறையில், ஒரே வண்டிக்கு அடியில் எதிரெதிராகப் படுத்து வேலை கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். அவன் இப்போது கென்யாவில் சிங்கத்துக்குப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறான். நான் அதே பட்டறையில், அதே எண்ணெய்க் கறைமேல் படுத்திருக்கிறேன்.

போயிருக்க வேண்டியவன் நான். இதை நானே சொல்வது நன்றாக இல்லைதான். வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்ய.

பட்டறை முதலாளியை எல்லோரும் ஸயா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தங்கை வீட்டுக்காரர் கென்யாவில் ஒரு சஃபாரி முகாமில் மேனேஜர். அங்கே காட்டுக்குள் ஓடுகிற ஜீப்பும் இங்கே எங்கள் கையில் உயிரை விடுகிற ஜீப்பும் ஒன்றுதான். ஜப்பான்காரன் ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட, வலது பக்கம் ஸ்டீயரிங் வைத்த பழைய டீசல் வண்டி. ரங்கூன் மெக்கானிக்குக்கு அதன் குடல்வரை தெரியும் என்று ஸயா பெருமை பேசியிருக்கிறார். ஓர் ஆள் வேண்டும் என்றார் மேனேஜர். ஒருநாள் காலையில் போனை டூல்ஸ் பெட்டிமேல் சாய்த்து வைத்து, எங்கள் இரண்டு பேரையும் அதன் முன்னால் உட்கார வைத்தார்கள்.

"நடுக்காட்டுல வண்டி நின்னு போச்சு. பக்கத்துல சிங்கம். என்ன செய்வீங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

நான் முந்திக்கொண்டேன். "வண்டியில இருக்கறவங்கள்ல குண்டா இருக்கறவரா பாத்து மொதல்ல எறக்கி விடுவேன் சார்."

பட்டறையே சிரித்தது. ஸயா வெற்றிலையைத் துப்பப் போய்ச் சட்டையிலேயே துப்பிக்கொண்டார். போனுக்குள் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் வண்டிய விட்டு எறங்கவே மாட்டேன் சார். ரேடியோவுல சொல்லிட்டு உள்ளயே உக்காந்திருப்பேன்" என்றான் மச்சான்.

பயந்துபோய் உள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் சரியான பதிலாம். அவனை எடுத்துக்கொண்டார்கள். என்னிடம், "மூணு மாசம் பாப்போம். இந்தத் தம்பி சரி வரலேன்னா அடுத்து நீங்கதான்" என்றார். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. நான் அதை மனசில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன்.

போனவன் சும்மா இருந்தானா? தினமும் படம். யானை, வரிக்குதிரை, மரத்தில் காலைத் தொங்கப்போட்டுத் தூங்கும் சிறுத்தை. அத்தை போனைத் தூக்கிக்கொண்டு கோயிலில் ஒவ்வொருவராக நிறுத்திக் காட்டினாள்.

"எம்மவன் யானைகிட்டயே நிக்கிறான் பாத்தியா?" என்றாள் என்னிடம்.

"பாத்தேன் அத்தே. ரெண்டுல எது ஒம்மவன்? காத வச்சுக் கண்டுபிடிக்க முடியலயே."

அத்தை என் முதுகில் ஒன்று போட்டாள். எரிச்சல் குறையவில்லை.

அவனிடமும் விடாமல் கேலி பேசினேன். "டேய், மனுசன் காசு குடுத்து ஜீப்புக்குள்ள அடைஞ்சு கெடக்கறான், சிங்கம் சுதந்திரமா சுத்துது. இதப் பாக்கவா ஒலகமே ஓடி வருது?"

"வந்தவங்களே திரும்பத் திரும்ப வராங்க மச்சான்" என்றான். வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வருஷா வருஷம் ஒரே ஒரு பெண் யானையைப் பார்ப்பதற்காக வருவார்களாம். ஒரு தந்தம் ஒடிந்த யானை. தண்ணீர்த்துறைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் அது வராது. "வராத அன்னைக்கும் கோச்சுக்க மாட்டாங்க. அது உயிரோட இருக்குன்னு ஃபாரஸ்ட் கார்டு சொன்னாப் போதும், அந்தம்மா அழுதுரும்."

இதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் சட்டென்று குரலை இறக்கினான். "இரு மச்சான், பேசாத. தண்ணி குடிக்க வருது."

பிறகு போனில் காற்று. எங்கோ தண்ணீர் உறிஞ்சும் சத்தம். என் பக்கம் ஜெனரேட்டர் இரைச்சல், ஹாரன், பஸ்காரன் கூப்பாடு. பட்டறையில் இரண்டு நிமிஷம் வாயை மூடாதவன் இவன். இவனைப் பேசாமல் நிற்க வைத்தது எது? சிங்கத்தைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கிசுகிசுப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. எங்களுக்குக் காலை பத்து மணி, அங்கே விடிந்த நேரம். மச்சானிடமிருந்து ஒலிச்செய்தி: வண்டி கிளம்புகிறது, ஓடுகிறது, மூச்சு முட்டி நின்று போகிறது. "கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆவுது மச்சான். திரும்ப நிக்கிது. என்னா செய்ய?"

அரை நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் ஒரு காய்கறி வண்டி இதே மாதிரிதான் செத்துச் செத்துப் பிழைத்தது. டீசல் டேங்க் மூடியில் காற்று போவதற்கு ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் சேறு அடைத்திருந்தது. உள்ளே காற்று போகாவிட்டால் வெளியே டீசல் வராது. மூடியைத் திருகினேன், 'ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு, முடிந்தது வேலை. அன்றைக்கு மச்சானும்தான் கூட வந்தான். படகுத்துறையில் பயாஜோ வடையைத் தின்றுகொண்டு நின்றுவிட்டான்.

அங்கே சேறு இல்லை, புழுதி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் எழுதி அனுப்பினேன்: "டீசல் பம்பக் கழட்டு."

அந்தப் பம்பைக் கழற்றினால் வண்டி நாலு நாளைக்கு எழுந்திருக்காது. பிறகு மேனேஜர் ஸயாவுக்குப் போன் போடுவார். ஸயா என்னைக் கூப்பிடுவார்.

"சரி மச்சான்" என்று பதில் வந்தது.

டீக்கடையில் போய் உட்கார்ந்து, பால் தூக்கலாக ஒரு லபெயே சொன்னேன். தலையில் அகலத் தொப்பி வைத்து மனசுக்குள் என்னைப் பார்த்துக்கொண்டேன், நன்றாகத்தான் இருந்தது. "பேசாதீங்க, யானை வருது" என்று மெதுவாகச் சொல்லிக்கூடப் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

டீ ஆறுவதற்குள் ஒரு படம் வந்தது. ஒட்டகச்சிவிங்கி ஒன்று முள்மரத்தடியில் நின்றது. பின்னங்காலில் கம்பி சுற்றி, சதை இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. கீழே மச்சானின் குரல். "மான் புடிக்க வச்ச கண்ணியில இது மாட்டியிருக்கு. நாலு நாளா தேடி இன்னைக்கித்தான் கெடச்சுது. டாக்டரம்மா மயக்க ஊசியோட பானட்டு மேல உக்காந்திருக்காங்க. வண்டி நகர மாட்டேங்குது. அது பொதருக்குள்ள போயிட்டா அவ்ளோதான். மேனேஜர் என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு மச்சான்."

பொய் சொல்லப் போவதில்லை. நல்லா பார்க்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் படத்தைப் பெரிதாக்கினேன். அந்தக் கம்பியின் முறுக்கு எனக்குத் தெரிந்த முறுக்கு. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிள். கையில் எத்தனை தடவை குத்தியிருக்கிறது. அறுந்துபோனதைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வோம்.

"பம்பத் தொடாத" என்று அனுப்பினேன். போகவில்லை. கரண்ட் போய், அதோடு நெட்டும் விழுந்துவிட்டது. மறுபடி அனுப்பினேன். அப்போதும் போகவில்லை.

லோஞ்சியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். டீக்குக் காசு கொடுக்கவில்லை என்று பின்னால் கத்தினார்கள். மெயின் ரோட்டு நடைமேம்பாலத்தின் மேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும். கொட்டுகிற மழையில் படியேறி, ஐந்தாவது தடவை கூப்பிட்டபோது மணி அடித்தது.

"பம்பத் தொடாதடா! டேங்க் மூடியத் தெற! டீசல் டேங்க் மூடிய!"

செருப்புச் சத்தம். பிறகு, இத்தனை கடல் தாண்டி, 'ஸ்ஸ்ஸ்.' அதைக் கேட்டதும் எனக்கும் மூச்சு வந்தது.

"மூடிய லூசாவே வச்சுட்டு ஓட்டு. சாயங்காலம் ஓட்டைய ஊதிச் சுத்தம் பண்ணிக்கலாம்."

வண்டி கிளம்பியது. ஒரு பெண் ஏதோ கத்தினாள். டாக்டரம்மாவாக இருக்கும்.

"பம்புல எத்தன போல்ட் கழட்டியிருக்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்ல."

"நான் சொல்லி அரை மணி நேரம் ஆச்சேடா?"

"நீ நெசமா வேலை சொன்னா மொதல்ல கேள்வி கேட்டே உயிர வாங்குவ. எத்தன நிமிசம் ஓடுது, பொகை என்னா நெறம், எங்க டீசல் போட்டன்னு. இன்னைக்கி ஒண்ணுமே கேக்கல. அதான் ஸ்பேனரக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்."

"எதுக்கு?"

"நீ கூப்புடுவன்னு."

அவன் போனை வைத்த பிறகு பாலத்தை விட்டு இறங்கி, மழையோடு போய் டீக்காசைக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஒரு வீடியோ வந்தது. ஒட்டகச்சிவிங்கி தரையில் கிடக்கிறது, கண்ணை ஒரு துணியால் மூடியிருக்கிறார்கள். டாக்டரம்மா கம்பியை வெட்டி எடுக்கிறார். துணியை உருவியதும் அது கழுத்தை முதலில் தூக்கி, தடுமாறி, எழுந்து நடக்கிறது. எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் மேனேஜர் ஸயாவைக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில். மூடியைப் பற்றி மச்சான் எல்லாம் சொல்லியிருந்தான். பம்பைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"ஒங்க பையன் அங்க இருந்துக்கிட்டே காதால கண்டுபிடிச்சுட்டாரே! இனிமே எங்க வண்டி எது நின்னாலும் அவருக்குத்தான் போன். அவரு அங்கயே இருக்கட்டும். இந்தத் தம்பியும் இங்கயே இருக்கட்டும்."

பட்டறையே கை தட்டியது. நானும் தட்டினேன். என் டிக்கெட்டை என் காதே கிழித்துப் போட்டுவிட்டது.

அறுந்த கேபிளை இப்போது விரல் நீளத்துக்கு வெட்டித்தான் போடுகிறேன். "எதுக்குடா இந்த வேல?" என்று ஸயா கேட்டார். "தாமுவேக்கு ஒட்டகச்சிவிங்கி வந்தா கால்ல மாட்டிக்கும் ஸயா" என்றேன்.

வாரத்துக்கு இரண்டு தடவையாவது பத்து மணிக்குப் போன் வருகிறது. எல்லாக் கேள்வியும் கேட்கிறேன். கடைசியாக, "கால் எப்பிடி இருக்கு?" என்பேன்.

"எனக்கா மச்சான்?"

"ஒன்ன யாருடா கேட்டா? அதுக்கு."

"நடக்குது. லேசா நொண்டுது. நேத்து... இரு மச்சான். பேசாத."

அவ்வளவுதான். மறுபடியும் காற்று, மறுபடியும் தண்ணீர்ச் சத்தம். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திக்கொண்டு நிற்பேன். என்ன வந்திருக்கிறது என்றாவது சொல்லித் தொலைக்கலாம் இல்லையா? சொல்ல மாட்டான், பாவி.