வோல்டேஜ் குறைந்த குரல்

நான் கடல்தாண்டி வேலைக்கு வந்த பெர்கனில் விளக்கு மங்குவதில்லை. எவ்வளவு மழை அடித்தாலும், கட்டடம் முழுக்க ஹீட்டர் ஓடினாலும், பல்பு ஒரே வெளிச்சத்தில் நிற்கிறது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது வசதியாகத் தோன்றும். எனக்கு அந்த அசையாமை இன்னும் பழகவில்லை.

போன வாரம் வேலை முடிந்து திரும்புகையில், உடன் வேலை பார்க்கும் ஆஸ்முண்ட் காரில் ஒரு பழைய ராக் ஆல்பத்தைப் போட்டார். முதல் கிட்டார் விழுந்ததுமே தெரிந்துவிட்டது: அண்ணனும் நானும் கேட்டுக் கேட்டே தேய்த்த கேசட். ஆனால் குரல் வேறு. கீச்சென்று, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி. "ரொம்ப வேகமாக இருக்கிறது" என்றேன். ஆஸ்முண்ட் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காரை மெதுவாக்கினார்.

அறைக்கு வந்தபிறகுதான் பிடிபட்டது. எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில். சாரல் சீசனில் லாட்ஜுகளெல்லாம் ஜொலிக்கும். வோல்டேஜ் இறங்கி எங்கள் பல்பு சுண்டிப்போகும், டேப் ரிக்கார்டர் மெதுவாகத் தள்ளாடும். பள்ளிக்கூடம், அப்பன், போலீஸ் எவனுக்கும் அடங்கமாட்டேன் என்று கத்திய வெள்ளைக்காரன், எங்கள் வீட்டில் மட்டும் அடிவயிற்றிலிருந்து முனகினான். வார்த்தை பாதி புரியாது. அப்பா அறைந்த கன்னத்தோடு அண்ணன் அதே கனத்த குரலில் கூடப் பாடுவான். "ஒருநா இந்த ஊரவிட்டே போயிருவேன், பாருலே" என்பான். போனது நான். அண்ணன் அப்பாவின் சிமெண்ட் கடையில் உட்கார்ந்தான்.

நேற்று அவன் போன் செய்தான். வீட்டை வாங்க ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நீ திரும்பி வந்து இருப்பேன்னா சொல்லு, நான் விக்கல. இல்லன்னா இல்லன்னு சொல்லு. வருதேன் வருதேன்னு எத்தன வருசம்லே சொல்லுவ?"

"அண்ணே, ஒரு பாட்டு போடுதேன், கேளேன்" என்றேன்.

கொஞ்சம் கேட்டான். "யாருலே இவன்? அருவிக்குக் கூட்டிட்டுப் போன பிள்ள மாதிரில்லா குதிக்கான்."

கணினியில் சுருதியும் சேர்ந்து இறங்கும்படி வேகத்தைக் குறைத்தேன். இன்னும் கொஞ்சம். ஓரிடத்தில் குரல் தழைந்து, கனத்து, எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அந்தப் பக்கமிருந்து, கூடப் பாடும் அண்ணனின் முனகல். வார்த்தை ஒன்றும் சரியில்லை, சுருதி பிசகவில்லை.

பாட்டு முடிந்தது. "சொல்லுலே, வருவியா?" குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வித்திருண்ணே."

"ம்" என்றான். "சாப்ட்டியா?"

போனை வைத்தபின் பாட்டை அதே மெதுவில் மறுபடி ஓடவிட்டேன். எழுந்து ஹீட்டர்கள், அடுப்பு, துணி துவைக்கும் மெஷின் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது மங்கவில்லை.